நாய்க்குட்டிப் பரிசோதகர்

என் பெயர் கஜபதி. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதகர். வருகிற சரக்கின் காகிதத்தில் முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றும் உண்டா என்று பார்த்து, கீழே ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வீட்டிலும் கை சும்மா இருக்காது. கேஸ் புத்தகம், மதிப்பெண் அட்டை, கல்யாணப் பத்திரிகை, எது கண்ணில் பட்டாலும் ‘சரிபார்த்தேன்’தான்.

போன வருடம் பூந்தமல்லியில் ஒருவரிடம் வாங்கி வந்த நாய்க்குட்டி, ஒன்பதாம் நாள் பார்வோ நோய் கண்டு ரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. பத்தாவது படிக்கும் என் மகள் கார்த்திகா இரண்டு நாள் சாப்பிடவில்லை. “எல்லாம் விதிம்மா” என்று பெரிய ஞானி மாதிரி சொன்னேன். இன்னொரு குட்டியும் அப்படிப் போனால் அவள் தாங்கமாட்டாள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நான் சேர்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாங்காட்டில் நாய் வளர்த்து விற்கும் சந்தோஷ் வீட்டுக்குப் போனேன். குட்டியின் காதுக்குள் டார்ச் அடித்தேன். ஈறைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றைத் தட்டினேன். குட்டி என் சட்டையில் மூத்திரம் பெய்து தன் அபிப்பிராயத்தைச் சொன்னது.

“இன்னா சார், மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிற மாதிரி பாக்குறீங்கோ? தடுப்பூசி கார்டே கீது, பாத்துக்கோங்க” என்று சந்தோஷ் ஓர் அட்டையை நீட்டினார்.

முத்திரை இருந்தது. டாக்டர் கையெழுத்து இருந்தது. தேதியும் இருந்தது. மனசு நிறைந்து பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

கார்த்திகா அட்டையை வாங்கி விரல்விட்டு எண்ணினாள். “அண்ணா, குட்டி பொறந்தது ஜூன் இருபதுன்னு இப்பதானே சொன்னீங்க? ஊசி ஜூன் பன்னெண்டுல போட்டிருக்கே?”

சந்தோஷ் தலையைச் சொறிந்தார். “அது அம்மா நாயோட கார்டா இருக்கும் பாப்பா. மாறிப்போச்சு.”

“அப்போ இதோட கார்டு?”

“தேடணும் பாப்பா.”

“தேடி வைங்கண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நானும் பேனாவை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் குடைந்து, செத்துப்போன குட்டியோடு வந்த தடுப்பூசி அட்டையை எடுத்தேன். ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதி, நாங்கள் அதை வாங்கி வந்த நாளுக்கு மறுநாள். அன்று குட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது, யாரும் ஊசி போடவில்லை. அடியில் கொட்டை எழுத்தில் ‘சரிபார்த்தேன்’. என் கையெழுத்து.

கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. கார்த்திகாவிடம் நீட்டினேன்.

“விதி இல்லம்மா. நான்தான் பாக்கல.”

அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“அது செத்த அன்னிக்கே பாத்துட்டேன்ப்பா. நீ பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுதுக்கிட்டு இருந்த. அதான் சொல்லல.”