சனிக்கிழமைக்குக் காத்திருந்த சாமை

எங்கள் ஜீப்பை ஓட்டுவது என் வீட்டுக்காரர். பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு பேசுவது நான். கூரையைக் கழற்றிய பழைய வண்டி அது. மலைமேல் ஜமுனாமரத்தூர் வரை வந்து சேருகிறவர்களை ஏற்றி, எங்கள் நிலத்தையே சுற்றிக் காட்டுவோம். இது பலா, இது கேழ்வரகு, இந்தப் பெட்டியில் தேனீ, கையை நீட்டாதீங்க. மற்ற நாட்களில் அதே வண்டியில்தான் எருவும் கதிரும் ஏறும். ஒரே வண்டியில் இரண்டு பிழைப்பு என்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நிம்மதியில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் ஓடைக்கு அந்தப் பக்கம் சாமை அறுத்துக் கிடந்தது. கட்டுகளை மேட்டுப் பாறைக்குக் கொண்டுவந்து அடித்தால்தான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. சனிக்கிழமை ஏற்றுவதாக இருந்தோம். அதே நாளில் வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் வியாபாரிக் குடும்பம் வருவதாகப் போன் வந்தது. என் வீட்டுக்காரர் யோசிக்காமல் வரச் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போதே கிழக்கே வானம் கறுத்திருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறுத்த சாமை நனைந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். வைக்கோலும் பூஞ்சணம் பிடித்து மாட்டுக்கு ஆகாமல் போகும். வந்தவர்களோ மரத்துக்கு மரம் நிறுத்தச் சொன்னார்கள். வாணியம்பாடியில் இல்லாத புளியமரமா? "இன்னாங்க, சீக்கிரம் ஓட்டுங்க" என்று முன்சீட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். அவர் திரும்பவே இல்லை. பலாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கொய்யாவுக்குச் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஓடையைத் தாண்டி ஏறியதும் முதல் துளி என் கையில் விழுந்தது.

"எல்லாரும் எறங்குங்க. கட்டு ஏத்தணும்" என்றேன்.

"மழ வருதேம்மா, நாங்க எப்டி போறது?" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

"நடந்து வாங்க பாய். நீங்க நனைஞ்சா தொடச்சிக்கலாம். இது நனைஞ்சா போச்சி."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. வீட்டுக்காரர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பாய் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். அவர் மனைவி துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு ஒரு கட்டைத் தலைகீழாகத் தூக்கினார். மணி உதிருதே என்று அவரையும் அதட்டினேன். திருப்பிப் பிடித்தார். ஜீப் நிலத்துக்கும் பாறைக்குமாக ஓடியது. மழை வலுப்பதற்குள் எல்லாக் கட்டும் பாறையில் ஏறி, தார்ப்பாயும் மூடியாகிவிட்டது. அந்தம்மாவின் கையெல்லாம் சுணை பட்டுச் சிவந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவர்கள் கட்டுத் தூக்கியதைப் போனில் படம் பிடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். அதன் பிறகு கூப்பிட்டவர்கள் எல்லாம், கட்டுத் தூக்குவதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார் என் வீட்டுக்காரர். வைக்கோலைக் கட்டுக் கட்டி நிலத்தில் போட்டு வைத்தார். வந்தவர்கள் அதைப் பாறைக்குத் தூக்குவார்கள். அவர்கள் போனதும் இவர் அதைத் திரும்ப நிலத்துக்குக் கொண்டுபோவார். சுட்டெரிக்கிற வெயிலில் நான் வண்டிமேல் நின்று, "சீக்கிரம், மழ வருது" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நான் பயந்த பயத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று.

அவர் கெட்டவரில்லை. பிள்ளைகள் படிப்பு இந்த வண்டியில்தான் ஓடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன ஐப்பசியில், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒன்று சொன்னார்.

"தடத்த ஒட்டிக் கீற துண்டு நெலத்த மட்டும் அறுத்து அப்டியே கெடக்கட்டும். சனிக்கெழம வர்றவங்க தூக்கட்டும். வெறும் வைக்கோல்னா அவங்களுக்குத் தெரிஞ்சிடுது."

"மழ வந்தா?"

"வந்தா இன்னும் நல்லாத்தான் இருக்கும்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அதன் பிறகு சோறு இறங்கவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன், உள்ளே போவேன், மறுபடி வருவேன். வெள்ளை மேகம்கூட எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை அவர் டயர் மாற்ற ஜீப்பை எடுத்துக்கொண்டு கணியம்பாடிக்குப் போனார். நான் ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அவளும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. அந்தத் துண்டு நிலத்துச் சாமையை இரண்டு பேரும் தலையில் சுமந்து ஓடையைத் தாண்டினோம். கழுத்து திரும்பாமல் போகிறவரை சுமந்தோம். மறுநாளே பாறையில் அடித்துத் தூற்றி, மூட்டை கட்டி வீட்டுக்குள் போட்டேன். அவரும் மூட்டையைப் பார்த்தார், மற்ற நிலத்துச் சாமை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அந்த வாரம் ஒரு தூறல்கூட விழவில்லை.

சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனோம். ஓடையைத் தாண்டினால் அறுத்த அடித்தாள் மட்டும் நின்றது. வண்டியில் இருந்த ஒரு பெண், "கட்டெல்லாம் எங்கங்க?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மழையே இல்லியே. இன்னாத்துக்கு இவ்ளோ அவசரமாத் தூக்கன?"

"துன்றதுக்குதாங்க" என்றேன்.