மெஷினுக்கு வைத்த சந்தனம்

அறுபதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் எனக்குத் தற்காலிக வேலை. பம்புசெட்டுக்குக் கரண்ட் கேட்டு விவசாயிகள் போட்ட மனுக்களை ஓட்டை போட்ட அட்டைகளாக்கி மெஷினுக்குள் விடுவேன். ஓட்டைகளைப் படித்து, யாருக்கு முதலில் கரண்ட் என்று அது வரிசைப்படுத்தும். மெஷின் நிலைத்தால் என் வேலையும் நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அதை நம்பலாமா என்று யாரும் அதைப் பார்த்து முடிவு செய்யவில்லை. ஆளுங்கட்சிக்காரர்களுக்கு அது தர்மதேவதை, எதிர்க்கட்சிக்காரர்களுக்கு மந்திரியின் கையாள். என் வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெருமுனைக் கூட்டத்திலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்.

ஆயுத பூஜை வந்தது. டைப்ரைட்டர், பீரோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஹெட்கிளார்க் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். "மெஷினுக்கு மேல்மூடியில மட்டும் வைங்க சார்" என்று கெஞ்சினேன்.

"அட்டைதானேம்மா அதுக்குச் சாப்பாடு. அதை விட்டுட்டா எப்படி?" என்று ஒவ்வொரு ஊரின் அட்டைக்கட்டிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினார்; கிண்ணத்தில் மிஞ்சியதையெல்லாம் கடைசியில் இருந்த மருங்காபுரிக் கட்டில் வழித்துவிட்டார். லீவு முடிந்து நான் பஸ் பிடித்து வருவதற்குள், நல்ல நேரம் போய்விடும் என்று அவரே மெஷினை ஓட்டியும் விட்டார். மருங்காபுரி அட்டைகள் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளேயே போகவில்லை. வரிசையில் அந்த ஊரே இல்லை.

எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஊர். கேட்கவா வேண்டும்? "மெஷின் கட்சி பார்க்கிறது!" என்று அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் மைக்கில் முழங்கினார். வீட்டுக்கு வந்தவரிடம், நான் கையோடு கொண்டுவந்திருந்த ஒட்டிய அட்டைகளைக் காட்டினேன். "ஏங்க, இது சந்தனம். மெஷின் மேல தப்பே இல்லைங்க."

"அவங்க சொல்லிக்குடுத்ததை நீ இங்க வந்து ஒப்பிக்கிறே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் அதைத் தொட்டு வேலை செய்கிறவள் நான்! ஆபீசிலோ, "சாமிக்கு வெச்ச சந்தனத்தையா குறை சொல்றே?" என்று ஹெட்கிளார்க் சீறினார். ஊரெல்லாம் கூச்சல் கிளம்பவே மெஷின் ரூமைப் பூட்டினார்கள். என்னையும் வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. அதே ரூமை, அதே மெஷினை, புது மந்திரி வந்து திறந்துவைத்தார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்து, "என்னா மெஷின்! யாருக்கும் பாரபட்சமே பார்க்காது" என்றார்.

"இதைத்தானே நான் அன்னைக்குத் தொண்டை கிழியச் சொன்னேன்?"

"அது அவங்க மெஷின். இது நம்ம மெஷின்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யார் ஓட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நம்ம வட்டச் செயலாளரோட மச்சினன். அட்டையைக் கண்ணால பார்த்ததில்லை, ஆனா நம்பிக்கையான ஆளு" என்றார்.