நார்த்தாமலையில் இரண்டு நிமிஷம்

எனக்கு அந்த நாளில் மூக்குக்கு மேல் கோபம் வரும். மனிதர்கள் மேல் வந்ததைவிட ரயில் மேல் வந்ததுதான் அதிகம். கீரனூரில் குடியிருந்துகொண்டு புதுக்கோட்டையில் சமஸ்தானக் கச்சேரி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்ப வேண்டும். பதினைந்து மைல் சொச்சம்தான் தூரம். எங்கள் கச்சேரியிலேயே ஒருவன் சைக்கிளில் வருவான். சில நாள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சிரிப்பான். அவன் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டி எங்கே நிற்கும், எதற்கு நிற்கும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. எதிர் வண்டிக்காக நிற்கும். கைகாட்டி இறங்காமல் நிற்கும். தண்டவாளத்தில் எருமை படுத்திருந்தால் நிற்கும். யுத்தம் வந்த பிறகு பட்டாளச் சாமான் வண்டிக்கு வழி விட்டுவிட்டு நிற்கும். கச்சேரியிலோ எங்கள் ஹெட் கிளார்க் மணி அடித்த மறு நிமிஷம் ஆஜர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிவப்பு மைப் பேனாவைத் திறந்துவிடுவார். மூன்று சிவப்பு விழுந்தால் ஒரு நாள் லீவு போச்சு. வண்டி தாமதம் என்று சொன்னால், "வண்டிக்கா இங்க வேலை? ஒமக்குத்தானே?" என்பார்.

இருந்த நிறுத்தங்களிலேயே எனக்கு ஆகாதது ஒன்று உண்டு. கீரனூருக்கும் நார்த்தாமலைக்கும் நடுவில், பொட்டலில், ஒரு வேப்பமரமும் ஒரு பலகையும் மட்டும் உள்ள நிறுத்தம். பிளாட்பாரம் கிடையாது. டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. கார்டே இறங்கிவந்து எழுதிக் கொடுக்க வேண்டும். கூடையை ஏற்று, கிழவியை ஏற்று, ஆட்டுக்குட்டியை ஏற்று என்று இரண்டு நிமிஷ நிறுத்தம் ஆறு நிமிஷமாகும். இந்த ஆறு நிமிஷம் இல்லாவிட்டால் என் பெயருக்கு நேரே சிவப்பே விழாது என்று நான் உறுதியாக நம்பினேன்.

சீசன் டிக்கெட்காரர்கள் ஏழெட்டுப் பேர் எப்போதும் ஒரே பெட்டியில்தான் ஏறுவோம். எல்லாரும் புலம்புவார்கள். நான் மட்டும் ஒரு நாள், "புலம்பி என்ன ஆகப்போகுது, அந்த நிறுத்தத்தை எடுக்கச் சொல்லி ரயில் கம்பெனிக்கு எழுதிப் போடுவோம்" என்றேன். என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும், கையெழுத்து அதைவிட நன்றாக இருக்கும். அந்த இரண்டிலும் எனக்குக் கர்வம் உண்டு.

விண்ணப்பத்துக்கு ஆதாரம் வேண்டுமே. ஆறு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள் என்று குறித்தேன். சில நாள் ஒருவர், சில நாள் இருவர், இரண்டு நாள் ஒருவருமே இல்லை. அப்படியே எழுதினேன். ஆனால் பெண்கள் பெட்டி வண்டியின் கடைசியில் இருக்கும். அந்த இடத்தில் பாதை வளைவதால் என் ஜன்னலிலிருந்து அது தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொய். எனக்குத் தெரியும். தினமும் புதுக்கோட்டை பிளாட்பாரத்தில் ஒரு பெண் தகர டிபன் டப்பாவும் துணிப்பையுமாக இறங்கி, என்னைக் கடந்து விடுவிடுவென்று நடந்து போவாள். மாலையில் அந்த வேப்பமரத்தடியில் இறங்குவாள். அவளுடைய மாமனார் குடையோடு நின்றுகொண்டிருப்பார். அவள் உபாத்தியாயினிப் பயிற்சி வகுப்பில் படிக்கிறாள் என்று பெட்டியிலே பேச்சும் அடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் தப்பாமல் ஏறுகிற ஆள் அவள் ஒருத்திதான். அவளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதைவிடப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் செய்தேன். ஒரு ஃபயர்மேனிடம் பேச்சுக் கொடுத்து, வண்டியை நிறுத்தி எடுக்கிறபோதுதான் கரி அதிகம் எரியும் என்று தெரிந்துகொண்டேன். யுத்தக் காலம், கரிக்குத் தட்டுப்பாடு. "யாரும் ஏறாத இடத்தில் தினம் இரண்டு தடவை தேசத்தின் கரி வீணாகிறது" என்று எழுதி, அதன் கீழே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதை என் மனைவிக்கு வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "யாருமே ஏற மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் மோர் ஊற்றச் சொன்னேன்.

இரண்டே மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. அந்த நிறுத்தம் ரத்து. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. பெட்டியில் எனக்கு ஏகப்பட்ட மரியாதை. வடையும் காபியும் வாங்கிக் கொடுத்தார்கள். கார்டுகூட என்னைப் பார்த்தால், "ஐயா இருக்காங்க, நேரத்துக்கு எடுக்கணும்டா சாமி" என்று கேலி பேச ஆரம்பித்தார். வேப்பமரத்தை வண்டி நிற்காமல் தாண்டிய முதல் நாள் நான் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம், சங்கிலியோடு. மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

அந்தக் குளிர்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. புதுக்கோட்டைக்கு வெளியே கைகாட்டி இறங்காமல் வண்டி நிற்கும். முன்னால் வந்து சேர்ந்தோமே, அந்த நிமிஷங்களை எல்லாம் அங்கே நின்று கழித்தோம். ஆஜர் புத்தகத்தில் சிவப்பு முன்போலவே விழுந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணும் மாமனாரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. கீரனூர்ச் சந்தையில் யாரோ, அந்த ஐயா எழுதிப் போட்டால் நடக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். என்னிடமே!

பெரியவர்தான் பேசினார். மகன் மலாயாவில் வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் அங்கே புகுந்ததிலிருந்து கடிதாசி இல்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. நாலு வயசில் ஒரு பெண் குழந்தை.

"இந்தப் படிப்ப முடிச்சிட்டா எங்க ஊருப் பள்ளிக்கூடத்துலயே வேலை போட்டுத் தாரோம்னு சொல்லியிருக்காங்க. எனக்கும் வயசாகிப் போச்சு. நாளைக்கு நான் இல்லாட்டி இதுக ரெண்டும் எங்கிட்டுப் போகும்? வண்டி நிக்காததால இப்ப நார்த்தாமலைக்கு நாலு மைல் நடந்து போகுது. மழை பிடிச்சா முடியாதுங்க."

என் மனைவி அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

எழுதினேன். பார்த்தால் ரொம்ப உருக்கமாகத்தான் இருந்தது. கணவனைப் பற்றி, குழந்தையைப் பற்றி, கம்பெனியாரின் கருணையைப் பற்றி எல்லாம் எழுதினேன். ஆனால் கருணைக்கு ரயில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ரயிலை நிறுத்தக்கூடிய வரி ஒன்றே ஒன்றுதான். முந்தைய விண்ணப்பத்தில் சொன்ன கணக்கு தவறு, தினமும் ஏறுகிற ஆள் அதில் விடுபட்டிருக்கிறார் என்பது அந்த வரி. அதை எழுதினால், தவறான கணக்கைக் கொடுத்தது யார் என்று கேள்வி வரும். என் பெயர் வரும், கச்சேரி வரைக்கும் வரும், வடை வாங்கிக் கொடுத்தவர்கள் காறித் துப்புவார்கள். பேனா அந்த இடத்தில் நின்றது. மையைத் தொட்டுக்கொண்டு அடுத்த பாராவுக்குப் போய்விட்டேன். கையெழுத்தைக்கூடச் சாய்த்து, வேறு மாதிரி எழுதினேன். அவ்வளவு ஜாக்கிரதை.

அவள் தன் பெயரைத் தமிழில் முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"ஐயா, அந்த ஸ்டாப்ப எடுக்கச் சொன்னது யாருன்னு தெரியுமாங்க?"

"மேல இருக்கிறவங்கம்மா. நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர்கள் போன பிறகு என் மனைவி மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டே, யாருமே ஏறவில்லை என்று முன்னால் எழுதினீர்களே, அது தப்பு என்று இதில் எழுதியாயிற்றா என்று கேட்டாள். நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். பொம்பிளைக்கு என்ன தெரியும் கச்சேரி விவகாரம் என்று கத்தினேன். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பரிசீலிக்கப்பட்டது, வருந்துகிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்ததாக அறிந்தேன். அவள் நடந்துகொண்டிருந்தாள். தினமும் நார்த்தாமலையில் ஏறினாள். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்தால் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிடுவாள். அந்தக் கும்பிடைத் தாங்க முடியாமல் நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. சில நாள் அவள் வண்டிக்கு வரவில்லை. ஒரு நாள் காலை வண்டி நார்த்தாமலையை நெருங்கும்போது, தண்டவாளத்தின் ஓரமாக அவள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சேலை முழங்கால் வரை சேறு. எங்கேயோ வாய்க்கால் உடைத்துக்கொண்டதால் சுற்றி வரவேண்டியதாகியிருக்கும். ஸ்டேஷனுக்கு இன்னும் இரண்டு ஃபர்லாங் இருந்தது. வண்டி அவளைத் தாண்டி வந்து நின்றது. நார்த்தாமலையில் நிற்பது இரண்டு நிமிஷம். அவளுக்கு இன்னும் ஒரு நிமிஷம் கூடுதலாக வேண்டும்.

கார்டு பிளாட்பாரத்தில் நடந்து வந்தவர் என் ஜன்னலருகே நின்றார். அவர் முதுகு அவள் வருகிற திசைக்கு.

"என்ன ஐயா, எடுக்கலாமா? இல்லாட்டி இதுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுருவீங்க" என்றார் சிரித்துக்கொண்டு.

ஒரு ஆள் ஓடி வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னால் போதும். நல்ல மனுஷர், பொறுத்திருப்பார். என்னைப் பிடித்து ஆட்டியது எந்தப் பிசாசோ தெரியவில்லை. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. அதைவிட, அவள் ஏறாவிட்டால் இன்றைக்கும் அந்தக் கும்பிடு இருக்காது என்றும் தோன்றியது. இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் தோன்றியது அதுதான். கடிகாரத்தை எடுத்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அதன் முகத்தை விரலால் தட்டிக் காட்டினேன்.

"ரெண்டு நிமிஷம் ஆயிருச்சே" என்றேன்.

கார்டு பச்சைக் கொடியை வீசிக்கொண்டே தன் பெட்டிக்கு ஓடினார். வண்டி நகர்ந்தபோது அவள் பிளாட்பாரத்தின் ஓரத்தில் கால் வைத்துவிட்டாள். கடிகாரமும் கையுமாக ஜன்னலில் இருந்த என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்க நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். அன்று புதுக்கோட்டைக் கைகாட்டியில் வண்டி எட்டு நிமிஷம் நின்றது. எனக்கு மூன்றாவது சிவப்பும் விழுந்தது.

மறுநாளிலிருந்து அவளைக் காணோம். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் மாமனார் மட்டும் வந்தார். தலைத்துண்டில் பச்சைக் கடலை முடிந்து கொண்டுவந்திருந்தார். கடலை பிடுங்கினார்களாம், ஐயா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வா என்று மருமகள்தான் அனுப்பினாளாம். படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது நின்னுபோச்சுங்க. மழையில ரொம்ப நாள் வண்டியத் தவற விட்டுருச்சு. இன்னும் ஒரு நாள் வராட்டிப் பேரை எடுத்துருவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருந்தாங்களாம். அந்த ஒரு நாளும் தவறிப்போச்சு. இப்ப களை எடுக்கப் போகுது."

எனக்கு எந்த நாள் என்று கேட்கத் தைரியம் இல்லை. கேட்காமலே அவர் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க வண்டியில இருந்தீங்களாம். இது ஓடியாரதப் பாத்துட்டு, கார்டுகிட்டக் கடியாரத்தக் காட்டி, இன்னும் ஒரு நிமிஷம் பொறுங்கன்னு நீங்க மன்றாடுனீங்களாம். அவருதான் கேக்காமக் கொடியக் காட்டிட்டாராம். வந்து சொல்லிச் சொல்லி அழுதுச்சுங்க. பெத்த அப்பன்கூட இப்படிச் செய்ய மாட்டான்னுச்சு."

கடலை மூட்டையை என் மடியில் வைத்தார். ஈர மண் வாசனை அடித்தது. என் மனைவி நிலைப்படியில் நின்று நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பெரியவரே, எவ்வளவோ சொன்னேன். அவரு கேக்கல" என்றேன்.