அரசருக்கு இணங்காத பிரபு

ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, டென்மார்க் அரசருக்கு முழு அதிகாரம் கிடைப்பதை நான் ஒருத்தியாகவே தடுத்து நிறுத்தினேன். ஒடென்சே நகரில், எங்கள் வகுப்பறையில்தான் அது நடந்தது.

முன்னொரு காலத்தில் அரசரைப் பிரபுக்களே தெரிவுசெய்வார்கள். அவர்களுடைய நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால்தான் அவருக்கு முடி. பெரும் போரொன்றின் பின் பிரபுக்களும் மதகுருமாரும் வணிகர்களும் கோபன்ஹேகனில் சபை கூடியபோது, யாரும் வெளியேறாதபடி நகர வாயில்கள் மூடப்பட்டன. பிரபுக்கள் பணிந்தார்கள். அதிகாரம் முழுவதும் அரசர் கைக்குப் போய்ப் பரம்பரைச் சொத்தாயிற்று. இதை வரலாற்று ஆசிரியை எங்களை நடிக்க வைத்தே படிப்பித்தார். கம்பளித் தொப்பி அணிந்த மெலிந்த பையன் அரசர். இன்னொருவன் படைவீரனாகக் கதவை மறித்து நின்றான். நான் பிரபுக்களில் ஒருத்தி.

“அரசருக்குச் சம்மதம் என்று எல்லாரும் கை தூக்கினால்தான் கதவு திறக்கும்,” என்றார் ஆசிரியை.

மதகுருமாரும் வணிகர்களும் உடனே தூக்கினார்கள். இடைவேளை மணி அடித்ததும் பிரபுக்களுக்கும் பசி வந்துவிட்டது. நான் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் அரசரே வந்து கெஞ்சினார்.

“நீ பிழை செய்தால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?” என்று கேட்டேன்.

அரசர் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை சிரித்துக்கொண்டே தானே கதவைத் திறந்துவிட்டார்.

அன்றிரவு இந்த வெற்றியை டேனிஷும் தமிழும் கலந்து வீட்டில் அளந்தேன். அப்பா பிட்டைப் பிசைவதை நிறுத்தினார்.

“கதவடியில நிண்டவன் உன்னை ஒண்டும் செய்யேல்லையே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அவன் என்ர பிரெண்ட் அப்பா!”

அம்மா சிரிக்கவில்லை. “எல்லாரும் தூக்கினா நீயும் தூக்கிப்போட்டு வா பிள்ளை. ஊரில சண்டை நேரம் உப்பிடி மாட்டன் எண்டு நிண்டதுகள் வீடு திரும்பேல்லை.”

“இது ஊர் இல்லை,” என்றார் அப்பா. “அவள் தூக்கத் தேவையில்லை.”

விடியமுன்னே தொழிற்சாலைக்குப் போகிறவர், மறுநாள் வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு என்னோடு பள்ளிக்கூடம் வந்தார். எனக்கோ வெட்கம். வாசலில் நின்ற ஆசிரியையின் கையைப் பற்றி, தனக்குத் தெரிந்த டேனிஷில் “கதவு... நன்றி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆசிரியை எதற்கென்று புரியாமல் தலையாட்டினார்.

எனக்கும் புரியவில்லை. அரசரை எதிர்த்தது நான். அப்பா ஏன் அவருக்குப் போய் நன்றி சொல்கிறார் என்று கோபம்தான் வந்தது.