அச்சில் விழாத வள்ளம்

கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. அங்கே ஒரு கம்பனியில் ரேர்மினல் பூட்டுகிற வேலை பார்த்தவள் நான். ரேர்மினல் என்றால் ஒரு திரையும் ஒரு விசைப்பலகையும்தான். எங்கோ இருக்கும் கணினியோடு கம்பியால் இணைத்தால்தான் அதற்கு உயிர் வரும். என் ஊரான நாரந்தனையில் இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு வருடம் அயலிலுள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு ஊர்காவற்றுறையில் கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளர் ஆள் அனுப்பினார். வெளிநாட்டு உதவியாக வந்த நாலு மரப்பெட்டிகள் ஐஸ் அறைக்குப் பக்கத்தில் திறக்காமலே கிடந்தன.

"உமக்கு உது விளங்கும் எண்டு சொல்லினம். ஏலுமோ ஏலாதோ எண்டு பார்த்துச் சொல்லும்," என்றார்.

ஒரு கணினி, இரண்டு ரேர்மினல்கள், தாளில் அச்சடிக்க ஒரு பிறின்ரர். இவற்றுக்கு நடுவில் நிற்க, செருப்புப் பெட்டி அளவில் இன்னொன்று. கையேடு அதைக் 'கொம்யூனிகேஷன் சேர்வர்' என்றது. பின்பக்கம் எட்டுத் துளைகள். கணினி இந்தப் பெட்டியோடு பேசும். பெட்டி, துளைகளில் பூட்டியிருப்பவற்றோடு பேசும். எந்தத் துளையில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு வேகமாகக் கேட்கும், எப்போது நிறுத்தச் சொல்லும் என்பதையெல்லாம் நாங்கள்தான் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குச் சொல்லவேண்டும். ஒன்று பிசகினாலும் திரையில் கண்டபடி குறிகள் ஓடும்.

ஒரு ரேர்மினலை இறங்குதுறைக் கொட்டிலில் வைக்கவேண்டும் என்று செயலாளர் பிடிவாதமாக இருந்தார். அப்போது மீன்பிடிக்கக் கட்டுப்பாடுகள் வந்துவிட்ட காலம். விடியத்தான் போகலாம், பொழுதுபடுமுன் திரும்பவேண்டும். எந்த வள்ளம் போனது, எது வந்தது என்று துறையிலேயே பதிந்து, பின்னேரம் இரண்டு மணிக்கு இன்னும் வராதவற்றின் பட்டியலைச் சங்க அலுவலகமான கந்தோரின் வாசலில் ஒட்டவேண்டும். அதுதான் அவருடைய எண்ணம். நல்ல எண்ணம். கந்தோரிலிருந்து துறைவரை தந்தி மரங்களில் கம்பி கட்டினோம். அவ்வளவு தூரத்துக்கு எழுத்துகள் உடைந்து உடைந்து வந்தன. வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு ஆள் ஆறுதலாக, மெல்ல மெல்லத் தட்டச்சடிக்கிற வேகத்தில்தான் அவை ஒழுங்காக வந்து சேர்ந்தன. அன்றைக்குச் செயலாளர் எனக்குச் சோடா வாங்கித் தந்தார்.

மூன்று மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. இரண்டு மணிக்குப் பிறின்ரர் ஏழெட்டு வரி அடிக்கும். சனம் வந்து பார்க்கும். வள்ளம் வரவர நான் பென்சிலால் கோடு போடுவேன்.

மார்கழியில் ஒருநாள் வாடைக்காற்று மத்தியானத்துக்கு முன்னமே எழும்பிவிட்டது. இரண்டு மணிக்கு அரைவாசி வள்ளங்கள் திரும்பவில்லை. பட்டியல் ஒரு முழுத் தாளையும் தாண்டி நீண்டது. கிழித்து ஒட்டினேன். பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஐந்து மணிக்குக் கடைசி வரிக்கும் கோடு போட்டேன்.

"அப்பாடா," என்று செயலாளர் கதிரையில் சாய்ந்தார். "எல்லாம் வந்திட்டுது."

அப்போதுதான் அந்த அக்கா வந்தா. தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தெருக்காரி. புருசனும் புருசனின் தம்பியும் ஒரே வள்ளத்தில் போறவை.

"இவை இன்னும் வரேல்லை, பிள்ளை."

நான் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அவர்களுடைய வள்ளத்தின் இலக்கம் அதில் இல்லை. இல்லையென்றால் இரண்டு மணிக்கு முன்னமே வந்துவிட்டது என்றுதான் பொருள்.

"பேப்பரில இல்லை அக்கா. வள்ளம் எப்பவோ வந்திட்டுது. எங்கையாவது கதைச்சுக்கொண்டு நிப்பினம்."

"நான் பேப்பரைப் பாக்கேல்லை, பிள்ளை. கடலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"மிசின் பிழை விடாது அக்கா," என்றேன்.

அதைச் சொன்ன என் குரல் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். அமைதியான குரல். படித்த குரல். அவ திரும்பிப் போய்விட்டா. பொழுது பட்டுக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு யாரும் கடலில் இறங்கேலாது. நானும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் காலை ஏனோ மனம் கேட்கவில்லை. போன உடனே முந்தின நாள் பட்டியலைத் திரையில் வரவழைத்தேன். நடுவில் அந்த இலக்கம் இருந்தது. போன நேரம் இருந்தது, வந்த நேரம் இல்லை. தாளை எடுத்து அருகில் பிடித்தேன். திரையிலிருந்த மூன்று வரிகள் தாளில் இல்லை. மற்ற இரண்டு வள்ளங்களும் நல்லகாலமாகப் பிறகு திரும்பியிருந்தன.

எங்கே பிழை என்று தேட எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கணினி அனுப்பும் வேகத்துக்குப் பிறின்ரர் அடிக்காது. அடிக்கவேண்டியதைத் தன்னுள் கொஞ்சம் சேர்த்துவைத்து, நிரம்பியதும் "பொறு" என்று பெட்டிக்குச் சொல்லும். அதற்கென்று தனிக் கம்பி வேண்டும். கம்பி தட்டுப்பாடு என்று நான் அதை விட்டுவிட்டேன். பெட்டியிலும் அந்தத் துளைக்கு, யார் பொறு என்றாலும் கேட்காதே என்று எழுதியிருந்தேன். ஏழெட்டு வரிக்கு அது தேவைப்படவில்லை. நீண்ட பட்டியல் வந்த அன்று பிறின்ரர் பொறு பொறு என்று கத்தியிருக்கும். கேட்க ஆளில்லை; அதற்குள் கொள்ளாத வரிகள் தொலைந்துபோயின.

செயலாளரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உதை வெளியில சொல்லாதையும். கரண்ட் கூடிக் குறைஞ்சதெண்டு சொல்லுவம். சனம் பிறகு இந்தப் பக்கம் வராது."

"ஐயா, கரண்ட் இல்லை. நான்."

"நீர் எண்டாலும் மிசின் எண்டாலும் சனத்துக்கு ஒண்டுதான்."

பத்து மணியளவில் நெடுந்தீவிலிருந்து செய்தி வந்தது. இயந்திரம் நின்றுபோய், காற்று இழுத்த பக்கம் போன வள்ளம் விடியற்காலையில் அங்கே கல்லில் மோதிக் கரை ஒதுங்கியிருந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். மாடு வளர்க்கிற ஒரு குடும்பம் சூடாகப் பால் கொடுத்து, சாக்கால் போர்த்தி வைத்திருந்ததாம். தம்பிக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்திருந்தது.

நான் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். செய்தி அவவுக்கும் எட்டியிருந்தது; முற்றத்தில் நின்று வலையை விரித்துக்கொண்டிருந்தா. கம்பியைப் பற்றியும் துளையைப் பற்றியும் சொல்லத் தொடங்கி நிறுத்தினேன்.

"அக்கா, அந்த இலக்கம் விடுபட்டது என்ர பிழை. நேற்று நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும். பொழுதிருக்கேக்கை ரெண்டு வள்ளம் தேடிப் போயிருக்கும்."

அவ நிமிர்ந்து பார்த்தா. அந்தப் பார்வையில் கோபம் இருந்தது.

"இனி அது பிழை விடாதோ?"

"விடலாம் அக்கா."

"அப்ப ஏன் ஒட்டுறியள்?"

"நீங்கள் வந்து கேட்டா, நேற்று மாதிரி அனுப்பிவிடமாட்டன்," என்று மட்டும் சொன்னேன்.

விடுபட்ட கம்பியைப் போட்டேன். பெட்டியில் எழுதியதைத் திருத்தினேன். பட்டியலின் அடியில் மொத்தம் எத்தனை வள்ளம் என்று அடிக்க வைத்து, ஒட்டுமுன் வரிகளை விரலால் எண்ணினேன். நடந்ததை ஒரு தாளில் எழுதி வாசலிலும் ஒட்டினேன். செயலாளர் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை.

சனம் குறையவில்லை. அந்த அக்கா காற்று நாட்களில் எல்லாம் வந்தா. வாசலில் இருந்த தாளைத் திரும்பியும் பார்க்கமாட்டா. நேரே உள்ளே வந்து என் பக்கத்தில் நிற்பா. நான் திரையை அவ பக்கம் திருப்புவேன். ஆங்கில எழுத்து அவவுக்குத் தெரியாது. தங்கள் வள்ளத்தின் இலக்கம் திரையில் எப்படி இருக்கும் என்று கண்ணால் பழகிக்கொண்டா.

மாசியில் ஒருநாள் நான் தேடி முடிக்கமுன்னமே அவவின் விரல் திரையில் போய் நின்றது.

"இந்தா. இன்னும் வரேல்லை," என்று சொல்லிவிட்டு, துறைப் பக்கம் நடந்தா.