கொக்கியைத் திறந்த விரல்கள்

கொக்கியைத் தூக்கி, கதவைத் திறந்து, கண் திறக்காத முயல் குட்டிகளை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் எடுத்துப்போவது யார்? அந்த ஏப்ரல் மாதத்தில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் எங்கள் சிற்றூரில் யாருக்குமே தெரிந்திருக்காது.

ஆல்வினா ஹெக்ஸ்டாட் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு, வண்டியின் பின்கோடி வரை நடந்து ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் குனிந்து பார்ப்பாள். தூங்கிப்போன பிள்ளை எதுவும் உள்ளே இருந்துவிடக் கூடாது. கணவர் இறந்து, மகள்கள் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போன பிறகும் அந்தக் குனிந்து பார்க்கும் வழக்கம் அவளை விடவில்லை. காலையில் கொல்லைப்புறத்து முயல் கூண்டுக்குப் போவாள். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, வயிற்றைத் தடவிப் பால் குடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுப்பாள்.

தாய் முயலின் பெயர் வாஃபிள். போன ஆண்டு ஈன்ற குட்டிகள் எல்லாம் குளிரில் விறைத்துப் போயின. இதற்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி ஈற்று என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். வாஃபிள் தன் மார்பு ரோமத்தையே பிடுங்கிக் கூண்டுக்குள் வைத்த மரப்பெட்டியில் மெத்தை போட்டு ஈன்றபோது, இந்த முறை ஒன்றைக்கூட விடமாட்டேன் என்று ஆல்வினா முடிவு செய்துகொண்டாள்.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு காலையில், கூண்டின் கொக்கி கழன்று தொங்கியது. பெட்டியில் இரண்டு குட்டிகளைக் காணவில்லை. வைக்கோல் கலையவில்லை. வாஃபிள் மூலையில் ஒடுங்கி, யாருமில்லாத பக்கத்தைப் பார்த்து, ஆபத்து என்றால் முயல் செய்வதுபோல், பின்னங்காலால் பலகையை 'தொம், தொம்' என்று அறைந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஆர்லோ வழக்கம்போல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, தானே காபி ஊற்றிக்கொண்டார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்கள் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பூட்டினால் பக்கத்து வீட்டுக்காரரைத் திருடன் என்று சொன்னதாக ஆகும்.

"ரக்கூன் வேலைதான். கொக்கிமேல ஒரு கம்பியச் சுத்தி முறுக்கி விடு," என்றார் ஆர்லோ. ரக்கூன் எங்கள் பக்கத்தில் இரவில் குப்பைத்தொட்டியைக் கிளறவரும், பூனையைவிடப் பெரிய காட்டு விலங்கு.

"ரக்கூன்னா கூண்டையே பிச்சுப் போட்டிருக்காதா?"

"அது உன் சமையலச் சாப்பிட்டிருக்கும் ஆல்வினா. தெம்பில்லாமப் போயிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. கம்பியை இடுக்கியால் இறுக முறுக்கினாள்.

மறுநாள் இன்னும் ஒரு குட்டி இல்லை. கம்பி அறுபடவில்லை. முறுக்குப் பிரிந்து, கூண்டின் கூரைமேல் நீளமாகக் கிடந்தது. யாரோ பொறுமையாகப் பிரித்து எடுத்து வைத்ததுபோல.

ஆர்லோ அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். இந்த முறை கேலி எதுவும் வரவில்லை.

"இது மிருகம் செய்யறதில்ல. ஒரு பூட்டு வாங்கிப் போட்டுரு."

"யாருக்குப் பயந்து பூட்டுன்னு கடைல கேப்பாங்க. என்ன சொல்றது? இந்தக் கொல்லைக்கு வர்றது நீ ஒருத்தன்தான்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. ஆர்லோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு," என்று எழுந்து போனார்.

அன்று மாலை வாஃபிள் பெட்டிக்குள் குதித்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்தது. முதல் ஈற்றின்போது, தாய் குட்டிகளோடு படுப்பதில்லையே, கைவிட்டுவிட்டதோ என்று ஆல்வினா பயந்ததுண்டு. முயல் அப்படித்தான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். காலையிலும் மாலையிலும் பால் கொடுத்தால் போதும், மற்ற நேரம் விலகியே இருக்கும். அப்படியானால் குட்டிகள் இரவில் கூண்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெட்டியைத் தூக்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வாஃபிளைக் குளியலறையில் விட்டாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குளியலறையிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

சமையலறைக் கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. மேலே போனது. மறுபடி இறங்கியது.

"ஆர்லோ? உள்ள வாயேன். காலைல சொன்னத மனசுல வச்சுக்காத."

கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. அந்த இடுக்கில், அவளுடைய முழங்கால் உயரத்தில், ஒரு கை உள்ளே வந்தது. கறுப்பான சின்னக் கை. மெலிந்த ஐந்து விரல்களும் கதவின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தன, கண் தெரியாதவர் ஒரு முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல.

இடுக்கு இன்னும் அகன்றது. கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட முகம். ரக்கூன்தான். அதன் பின்னால் படிகளில் இன்னும் நாலைந்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்கைகளை மார்பில் வைத்துக்கொண்டு நின்றன. ஒன்றும் உறுமவில்லை, ஒன்றும் ஓடவில்லை. முன்னால் நின்றது அவளைப் பார்க்கக்கூட இல்லை. அது அடுப்படிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆல்வினா உடம்போடு கதவில் மோதினாள். கை பதறாமல், மெதுவாக வெளியே போனது. தாழ்ப்பாள், வீடு கட்டிய நாள் முதல் யாரும் தொடாதது, பூசிய சாயத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. காலணியைக் கழற்றி அடித்தாள். மூன்றாவது அடியில் நகர்ந்தது. பிறகு கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே கைப்பிடி இறங்கியது, ஏறியது. முழுக்க இருட்டும்வரை அது நிற்கவில்லை.

விடிந்ததும் கைப்பிடி மறுபடி அசைந்தது. அவள் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆல்வினா? என்ன, பூட்டிக் கிடக்கு?"

திறந்தாள். ஆர்லோவின் முகம் சிவந்திருந்தது.

"என்னப் பாத்தா குட்டி திருடறவன் மாதிரி இருக்கா? நேத்தே அப்படித்தான் பேசின. இப்பக் கதவையும் பூட்டிட்ட. நேராச் சொல்லிட்டுப் போயேன்."

"கத்தாத. திரும்பி இந்தக் கதவப் பாரு."

கதவின் வெளிப்பக்கத்தில், அடியிலிருந்து கைப்பிடி வரைக்கும், காய்ந்த சேற்றில் உள்ளங்கைகள். நடக்கப் பழகும் பிள்ளையின் கை அளவு. ஒன்றின்மேல் ஒன்றாக, இடமில்லாமல்.

ஆர்லோ உள்ளே வந்து காபி ஊற்றிக்கொண்டார். காபியை நின்றபடியே குடித்தார். அடுப்படிக்குப் போய்ப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு. வயிறு நிறைஞ்சுதான் இருக்கு. இனிமே தட்டிட்டு வா ஆர்லோ. எழுந்து வந்து திறக்கறேன்."

"சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு, சேற்றைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார். அவர் கதவு மூடிய சத்தம் கேட்டது. சிறிது பொறுத்து, துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று கிறீச்சிட்டு நகரும் சத்தமும் கேட்டது.

ஆல்வினா வாஃபிளைத் தூக்கிவந்து பெட்டிக்குள் விட்டாள். ரோமத்துக்கு அடியில் குட்டிகள் முட்டிமோதித் தாயைத் தேடின.

வெளியில் முயல் வளர்ப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். கொக்கி போதாது, முறுக்கிய கம்பியும் போதாது, பூட்டு வேண்டும். குட்டிகளை இரவில் உள்ளே வைத்தால் தாய் வெறுத்துவிடாது, விடிந்ததும் பாலுக்கு விட்டால் போதும். நம்பமாட்டார்கள் என்று அந்தக் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதையும் சேர்த்தே சொல்லுங்கள். கேட்பவர் அடுத்தவருக்குச் சொல்லட்டும்.