மைனஸ் இரண்டுக்கு இடப்பக்கம்

தூய கணிதம் படிப்பிப்பவனுக்குத் தொண்டை பலமாக இருக்க வேண்டும் என்பார்கள். யுத்த காலத்துக் கொழும்பில் அதைப் படிப்பித்தவனுக்குக் கால்தான் பலமாக இருக்க வேண்டியிருந்தது. காலையில் வெள்ளவத்தையில் வகுப்பு, பின்னேரம் கொட்டாஞ்சேனையில் வகுப்பு. நடுவில் இரண்டு பஸ். பஸ் தானாக நிற்கிற இடத்திலெல்லாம் இல்லாவிட்டாலும் மறித்து நிறுத்துகிற இடத்திலெல்லாம் சோதனைச் சாவடி. கொஞ்ச நேரம் ஓரிடத்தில் சும்மா இருந்தால் ஏதோ குற்றம் செய்கிற மாதிரி எனக்கு ஆகிவிடும். இதை வாசிக்கிற நீங்கள் ஒன்றில் கணக்குப் படிப்பித்திருப்பீர்கள், அல்லது படிப்பித்தவனிடம் குட்டு வாங்கியிருப்பீர்கள். இரண்டு தரப்பும் பட்டது பட்டதுதான். ஆகையால் கூச்சமில்லாமல் புலம்புகிறேன்.

இடப்பக்க வியாதி

உயர்தர வகுப்பில் தொடர்ச்சி என்று ஒரு பாடம். ஒரு சார்பின் வரைபைப் பேனையைத் தூக்காமல் கீற முடிந்தால் அது தொடர்ச்சியானது என்று சொல்லித் தொடங்குவோம். ஒரு புள்ளியில் அது தொடர்ச்சியா என்று அறிய, இடப்பக்கத்தால் அணுகிப் பார், வலப்பக்கத்தால் அணுகிப் பார். இரண்டு விடையும் அந்தப் புள்ளியின் பெறுமானமும் ஒன்றாக இருந்தால் சரி. பிள்ளைகள் இதைக் கிளிப்பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொள்வார்கள். ஆபத்தும் அங்கேதான் தொடங்கும்.

4 − x² இன் வர்க்கமூலத்தை எடுங்கள். அந்தச் சார்பு −2 இலிருந்து 2 வரைதான் இருக்கும். அதற்கு வெளியே போனால் மூலத்துக்குள் மறை எண், அதாவது மைனஸ், வந்துவிடும், சார்பே கிடையாது. ஆகவே −2 என்ற முனையில் வலப்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். பூச்சியம் வருகிறது, பெறுமானமும் பூச்சியம், தொடர்ச்சியானது, கதை முடிந்தது. நம் பிள்ளைகள் முடிய விடுவார்களா? 'இடப்பக்க எல்லை இல்லை. ஆகவே தொடர்ச்சியற்றது' என்று எழுதி இரட்டைக் கோடும் போட்டு வைப்பார்கள். வெள்ளவத்தையிலும் இதே கூத்து, கொட்டாஞ்சேனையிலும் இதே கூத்து.

கொட்டாஞ்சேனை வகுப்பில் அன்ரன் என்றொரு பெடியன், தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. "இல்லாத வீட்டுக் கதவை ஏன்டா தட்டுறாய்?" என்று அவனிடம் ஒருநாள் கத்தினேன். அவன் எழும்பி நின்று, மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "ரெண்டு பக்கமும் பார்த்தா அஞ்சு வரி வரும் சேர். ஒரு பக்கம்னா ரெண்டு வரிதானே. ரெண்டு வரிக்கு எவன் சேர் மார்க்ஸ் போடுவான்?"

கடைசி வாங்கு

வெள்ளவத்தை வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு அம்மா இருப்பா. படிக்க வந்தவ இல்லை. மகள் தர்சினி முன் வாங்கில் படிப்பாள். தாய் பின்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். மகளைத் தனியே தெருவில் விட அந்த அம்மாவுக்குப் பயம். என் வகுப்பில் ஒரு தாய் இருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போகச் சொல்லவும் வாய் வரவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறைதான் சோதனை எழுதலாம். தர்சினியின் முதல் முறை பாதியில் போனது. இரண்டு பேப்பர் எழுதி முடித்தபோது ஊரே மூட்டை கட்டிக்கொண்டு நடந்தது. இரண்டாம் முறை பாதை மூடியிருந்ததால் மண்டபத்துக்கே போய்ச் சேரவில்லை. இது மூன்றாவது, கடைசி. அவளுக்குப் பொறியியல் படிக்க வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. கனடாவிலிருந்து தமையன், இரண்டு பேரையும் உடனே வரச் சொல்லித் தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"சோதனை முடியட்டும் எண்டு மகனுக்குச் சொல்லிப்போட்டன் மாஸ்டர்," என்றா அந்த அம்மா. "எழுத விடாமல் கொண்டுபோனனெண்டால், அங்க பனிக்குள்ள வைச்சு இவள் என்னைக் கேள்வி கேட்டே கொண்டுபோடுவாள்."

கடற்கரை விளக்கம்

வாயால் சொல்லி விளங்காததைக் கண்ணால் காட்டலாம் என்று எனக்கு ஒருநாள் புத்தி போனது. வெள்ளவத்தை ஒழுங்கைகள் எல்லாம் கடலில்தான் போய் முடியும். தண்டவாளம், அதற்கப்பால் பாறை, அதற்கப்பால் தண்ணீர். கடைசி வாங்கு அம்மா உட்பட வகுப்பு முழுவதையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். "இந்த ஒழுங்கையின்ர முடிவுக்கு எந்தப் பக்கத்தால வருவியள்? கடலுக்குள்ளால வருவியளோ?" என்று கையை நீட்டிக் கேட்டேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நாட்களில் தமிழ்ப் பெடியன்கள் நாலு பேர் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கவே யோசிப்பார்கள். நானோ ஒரு வகுப்பையே கொண்டுபோய்க் கடலைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். தண்டவாளத்துக் காவலரணிலிருந்து இரண்டு ஆமிக்காரர் ஓடிவந்தார்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் அவர்கள் கைக்குப் போனது. என் அரைகுறைச் சிங்களத்தில் "கணித பந்திய, கணித பந்திய" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். கணக்கு வகுப்புக்குக் கடல் எதற்கு என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். கடைசியில் ஏசிவிட்டு அட்டைகளைத் திருப்பித் தந்தார்கள். திரும்பி நடந்தோம். வகுப்பு வாசலுக்கு வந்த பிறகுதான் தர்சினியின் அம்மா வாயைத் திறந்தா: "மாஸ்டர், முடிவு எங்க இருக்கெண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும். இனிமேல் பலகையிலேயே காட்டுங்கோ."

இரண்டில் ஒன்று

கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கிச் சோதிக்கிற இடம் ஒன்று இருந்தது. ஒருநாள் என் பைக்குள் திருத்தாத விடைத்தாள்கள். ஒரு சிப்பாய் மேலே இருந்த தாளை எடுத்து வெயிலுக்குப் பிடித்தான். அதில் ஒரு அரைவட்டம், இரண்டு முனையிலும் கறுப்புப் பொட்டு, பக்கத்தில் அம்புக்குறி, −2 என்று எழுதித் தலையில் ஒரு சின்ன +. அந்தப் பிளஸ், வலப்பக்கத்தால் அணுகுகிறோம் என்பதற்கான அடையாளம். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது?

சொல்லிப் பார்த்தேன். மைனஸ் இரண்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம், ஆனால் மைனஸ் இரண்டு இல்லை, அதற்கு மிகக் கிட்ட என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், வகுப்பு எனக்காகக் காத்திருக்கிறது, வியர்வை கண்ணுக்குள் போகிறது. சிப்பாய் மிகவும் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகச் சிங்களத்தில் கேட்டான்: "மாத்தயா, மைனஸ் என்றால் மைனஸ் என்று சொல்லுங்கள். பிளஸ் என்றால் பிளஸ் என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக எப்படி?"

பௌதிகத்தின் புத்திமதி

அதே வெள்ளவத்தை மண்டபத்தில் எனக்குப் பிறகு பௌதிகவியல் எடுப்பவர் கனகசபை மாஸ்டர். சாய்மனைக் கதிரை ஆசாமி, எதற்கும் பதறமாட்டார். சோதனை நெருங்க நெருங்க எனக்கு நித்திரை போய்விட்டது. அவர் நேரத்துக்குள்ளும் புகுந்து முனைப் புள்ளியைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பேன். ஒருநாள் டஸ்டரை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீர் ஏன் காணும் அந்த முனையில நிண்டு சாகிறீர்? உள்ளுக்க எவ்வளவு இடம் கிடக்கு, வந்து இருமன்."

தர்சினியின் வாதம்

எல்லோரும் ஒருவழியாகத் திருந்தினார்கள். தர்சினி மட்டும் திருந்தவில்லை. மற்றக் கணக்கெல்லாம் தண்ணீர்பட்ட பாடு, முனைக்கு வந்தால் மட்டும் இடப்பக்கம் போய்விடுவாள். அன்ரனைப் போல வரிக்கு ஆசைப்படுகிற பிள்ளையும் இல்லை. கோபத்தில் தாளை மேசையில் எறிந்து, ஏன் என்று கேட்டேன்.

"−3 எண்டு ஒரு எண் அங்க இருக்குத்தானே சேர். சார்புதானே அங்க இல்லை. அதைப் பார்க்காமல் எப்பிடி விடுறது?" என்றாள். சார்பே இல்லாத இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவே கூடாது, அந்தக் கேள்வியே பிழை என்றேன். அவள் குனிந்துகொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பொலிசில் செய்ய வேண்டிய பதிவுக்குப் போன கதையைச் சொன்னாள். இன்ன ஊராள்தான் என்று ஊர் விதானையாரின் அத்தாட்சிக் கடிதம் கொண்டுவா என்றார்களாம். அந்த ஊரில் இப்போது விதானையாரும் இல்லை, ஒருவரும் இல்லை என்றாளாம். அப்படியென்றால் நீ யார் என்று எப்படி நம்புவது என்றார்களாம். "அவங்களும் இடப்பக்கம்தானே சேர் கேக்கிறாங்கள்?"

எனக்கு அழவும் வந்தது, சிரிப்பும் வந்தது. தாளை எடுத்து மடிப்பை நீவிக் கொடுத்து, "அவங்கள் செய்யிறதும் உன்னைப்போலப் பிழைக் கணக்குத்தான் பிள்ளை," என்றேன். அவள் என் வகுப்பில் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சிவப்புப் பேனையை என் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்து, இடப்பக்க வரிகளை வெட்டினாள். வெட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்ப அவங்களுக்கும் ஒருக்கா வகுப்பெடுங்கோவன் சேர்."

வாங்கில் இருந்த காலை

தூய கணிதச் சோதனையன்று காலை கனகசபை மாஸ்டர் என் வீட்டுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தர்சினி இருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்து எல்லோரையும் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். மூன்றாவது முறையும் போச்சு என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஓட்டோ பிடித்துப் போனோம்.

தர்சினி சோதனை அனுமதி அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவு காலாவதியாகிவிட்டது, விசாரித்து முடிக்காமல் யாரையும் விட முடியாது என்றார் பொறுப்பதிகாரி. நான் கெஞ்சினேன். அவர் தலையைத் தூக்கவில்லை. அப்போது தாய் முன்னால் வந்து, அவர் மேசைக்கு எதிரே கிடந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டா. "நான் இதில இருக்கிறன். பிள்ளை போய் எழுதிப்போட்டு வருவாள். வராட்டி என்னை வைச்சிருக்கட்டும். அவருக்குச் சிங்களத்தில சொல்லுங்கோ மாஸ்டர்," என்றா. சொன்னேன். அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, நீயும் இரு என்று வாங்கைக் காட்டினார். கனகசபை மாஸ்டர் தர்சினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

மூன்று மணித்தியாலப் பேப்பர். ஓரிடத்தில் இருந்தறியாத நான் அந்த வாங்கில் இருந்தேன். காலை ஆட்டாதே என்று ஒரு கான்ஸ்டபிள் இரண்டு முறை அதட்டினான். அவள் திரும்பி வருவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வழியில் வேறு யாராவது மறித்தால்? தாய் அசையவில்லை. இடைக்கிடை "இப்ப எத்தினையாம் கேள்வியில நிப்பாள்?" என்று மட்டும் கேட்பா. வாயில் வந்த இலக்கத்தைச் சொல்லுவேன்.

மத்தியானம் தர்சினி வந்தாள். விரலெல்லாம் மை. வீட்டுக்குப் போகாமல் நேரே பொலிசுக்கு நடந்துவந்த பிள்ளையை அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கோ வாய் சும்மா இருக்கவில்லை. முனைப் புள்ளிக் கேள்வி வந்ததா என்று கேட்டேன். "அது வரேல்லை சேர். மற்றதெல்லாம் செய்தனான்," என்றாள். அதிகாரி கையை வீசி, எல்லோரும் போங்கள் என்றார். நான் துள்ளி எழும்பினேன். தாய் எழும்பவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி இருந்த இடத்திலிருந்தே சொன்னா: "நாளைக்கும் பேப்பர் இருக்கு மாஸ்டர். நாளைக்கும் நான் இங்க வந்திருக்க வேணுமோ எண்டு ஒருக்கா அவரிட்டக் கேளுங்கோ."

தர்சினி இப்போது பாலம் கட்டுகிறாள், தாய் கனடாவில் பனியைத் திட்டுகிறா, கனகசபை மாஸ்டர் மறுபடியும் ஓடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார், நான் மட்டும் பேப்பரில் வராத அந்தக் கேள்வியை இன்னமும் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன்.